பேர் இல்லாத நாட்கள்

மலையகத் தேயிலைத் தோட்டங்களில் ‘பேர்’ என்ற சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. ஒன்று பெற்றோர் வைத்தது. மற்றது அன்றைய நாளின் கூலி. சொன்ன கிலோவுக்குக் கொழுந்து எடுத்துவிட்டால் முழுப் பேர். குறைந்தால் அரைப் பேர். மலைக்குப் போகாவிட்டால் பேரே இல்லை. இப்படி நாற்பது வருடம் நாளுக்கு நாள் பேர் வாங்கிய ஒருத்தியின் பெயர், ஒரு மாத முடிவில் செக்ரோல் என்ற தோட்டத்துப் பேர்ப் பதிவேட்டிலிருந்து எடுக்கப்படுகிறது. மறுநாள் காலை, பேர் கூப்பிட்டு வேலை பிரிக்கும் பிரட்டுக் களத்தில் அவளை யாரும் கூப்பிட மாட்டார்கள். இந்த அத்தியாயம் அந்த மறுநாள் காலையைப் பற்றியது.

கண்டி நகரை விட்டுத் தென்கிழக்கே ஏறும் வீதியில், சிறிது தூரத்திலேயே அம்பிட்டிய வந்துவிடும். 1893இல் பாப்பரசர் 13ஆம் சிங்கராயர் நிறுவிய குருமடத்தால் பெயர் பெற்ற ஊர் அது. அதே வீதி தலாத்துஓயாவைத் தாண்டி ஹேவாஹெட்டப் பக்கத் தேயிலை மலைகளுக்குப் போகிறது. 1867இல் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை நட்ட லூல்கந்துரவும் அந்த மலைகளில்தான் இருக்கிறது. ஆகவே காலையில் கண்டி நோக்கி இறங்கும் பஸ்ஸில் இரண்டு வகையான முதியவர்கள் ஒன்றாக இருப்பார்கள். அம்பிட்டியவில் ஏறுபவர் கண்டிக் கச்சேரியில் எழுதுவினைஞராக இருந்து ஓய்வு பெற்றவர். மேலிருந்து ஏற்கெனவே ஏறி வந்திருப்பவர் கொழுந்து பறித்து ஓய்வு பெற்ற அம்மா. இருவர் மடியிலும் கிளினிக் கொப்பி. இருவருக்கும் பிரஷர் மருந்து. நான் கண்ட பல முகங்களைச் சேர்த்து வரைந்த சித்திரங்கள் இவை. வயதும் நோயும் வீதியும் ஒன்றாக இருக்க, இந்த இருவரின் மனங்களும் ஓய்வுக்குப் பிறகு ஏன் வெவ்வேறு திசையில் போகின்றன என்பதே நம் கேள்வி.

தமிழில் ஓய்வு என்ற சொல்லே இரண்டு பக்கமும் சாயும். களைத்தவன் இளைப்பாறுவதும் ஓய்வு. மழை ஓய்ந்தது, சந்தடி ஓய்ந்தது என்னும்போது நின்றுபோவதும் அதே வேர்தான். ‘ஓய்ந்து போய்விட்டார்’ என்றால் யாரும் நல்லதாக எடுத்துக்கொள்வதில்லை. ஓய்வு மனதுக்கு நல்லதா கெட்டதா என்று பல காலம் வாதாடிய ஆய்வாளர்களும் இந்த இரண்டு பொருள்களுக்கு நடுவில்தான் நின்றார்கள்.

வேலை நமக்கு என்னதான் தருகிறது? சம்பளத்தைத் தள்ளிவைத்துவிட்டு யோசிக்க வைத்தவர் சமூக உளவியலாளர் மாரி யஹோதா. ஆஸ்திரியாவில் மரியென்தால் என்ற சிற்றூர் முழுவதும் ஒரு நெசவாலையை நம்பியிருந்தது. அது மூடப்பட்ட பிறகு 1931, 32 காலத்தில் யஹோதாவும் தோழர்களும் அங்கே போய்த் தங்கி, மக்களோடு பழகி, எதையும் விடாமல் அளந்தார்கள். வீதியில் ஆண்கள் எவ்வளவு வேகமாக நடக்கிறார்கள், எத்தனை தடவை நின்றுவிடுகிறார்கள் என்பதைக்கூடக் கடிகாரம் வைத்துக் குறித்தார்கள். நேரம் கொட்டிக் கிடந்தது, ஆனால் நூலகத்தில் புத்தகம் எடுப்பது பாதியளவுக்குக் குறைந்துபோயிருந்தது. அவசரமே இல்லாதவர்கள் எதற்கும் நேரம் இல்லாதவர்களைப் போல வாழ்ந்தார்கள். பிற்காலத்தில் யஹோதா இதைக் கோட்பாடாக எழுதினார். வேலை, கூலிக்கு அப்பால், நாளுக்கு ஓர் ஒழுங்கைத் தருகிறது. வீட்டுக்கு வெளியே மனிதர்களைத் தருகிறது. பலர் சேர்ந்து முடிக்கும் ஒரு காரியத்தில் பங்கையும், சமூகத்தில் ஓர் இடத்தையும், கைகால் இயங்க ஒரு காரணத்தையும் தருகிறது.

பிரட்டுக் களத்தை எண்ணிப் பாருங்கள். ஐந்தும் அங்கே இருக்கின்றன. விடிகாலை ஒழுங்கு, பக்கத்து நிரையில் பேச்சுத் துணை, கூடை நிறைந்த கணக்கு, ‘நல்ல கொழுந்துக்காரி’ என்ற பெயர், ஓயாத கை. அட்டைக்கடியும் சரிவும் முதுகுச் சுமையும் கூடவே இருக்கின்றன என்பதும் உண்மை. வேலை கொடுப்பதும் பிடுங்குவதும் ஒரே கூடையில்தான் இருக்கும். ஓய்வின் விளைவை அறிய வேண்டுமானால் இரண்டையும் நிறுக்க வேண்டும்.

லண்டனின் அரச ஊழியர்களை நிறுத்துப் பார்த்தார்கள். வைட்ஹால் என்னும் அரச அலுவலக வட்டாரத்தின் பெயரால் அழைக்கப்படும் இரண்டாம் ஆய்வு, 1985 முதல் 10,308 ஊழியர்களைப் பின்தொடர்ந்தது. மைக்கேல் மார்மட் வழிநடத்திய அந்த ஆய்வின் ஒரு பகுதி 2003இல் வெளிவந்தது. அதில் ஓய்வு பெற்றவர்களையும் தொடர்ந்து வேலை செய்தவர்களையும் ஒப்பிட்டார்கள். ஓய்வு பெற்றவர்களின் மனநலம் மேம்பட்டிருந்தது, வேலையில் தொடர்ந்தவர்களுக்குச் சரிந்திருந்தது. இந்த இடத்தில் நிறுத்தினால் நல்ல செய்திதான். ஆனால் பதவி நிலைப்படி பிரித்துப் பார்த்தபோது, அந்த மேம்பாடு மேல்நிலை அதிகாரிகளுக்கு மட்டுமே கிடைத்திருந்தது. கீழ்நிலை ஊழியர்களுக்கு அது காணப்படவில்லை. ஒரே அரசாங்கம், ஒரே நகரம், ஓய்வூதியமும் உண்டு. அப்படியிருந்தும் ஓய்வின் இனிமை மேல் படிகளிலேயே தங்கிவிட்டது.

பிரான்ஸின் மின்சார, எரிவாயு நிறுவன ஊழியர்களைப் பற்றிய கசேல் ஆய்வு இன்னும் தெளிவான படத்தைத் தந்தது. 2010இல் வெளியான அதன் ஒரு பகுதி 14,104 பேரை, ஓய்வுக்கு ஏழு ஆண்டு முன்னிருந்து ஏழு ஆண்டு பின்வரை தொடர்ந்தது. நீரிழிவும் இதய நோயும் ஓய்வைப் பொருட்படுத்தாமல் வயதோடு ஏறிக்கொண்டே போயின. களைப்பும் மனச்சோர்வு அறிகுறிகளும் ஓய்வு பெற்ற ஆண்டை ஒட்டிச் சட்டென்று இறங்கின. அந்த ஊழியர்களுக்கு நிலையான வேலை இருந்தது, கடைசிவரை வரும் ஓய்வூதியமும் இருந்தது. இந்த முடிவைப் படிப்பவர்கள் அதை மறந்துவிடக் கூடாது.

இத்தகைய ஆய்வுகளில் ஒரு கண்ணி எப்போதும் உண்டு. உடலோ மனமோ சரியில்லாதவர்கள்தான் முதலில் வேலையை விடுவார்கள். அவர்களை அளந்துவிட்டு ‘ஓய்வு நோயைத் தந்தது’ என்றால் காரணம் தலைகீழாகிவிடும். அதனால்தான் ஒருவரின் நலத்தோடு தொடர்பில்லாமல், சட்டத்தால் ஓய்வு வரும் தருணங்களை ஆய்வாளர்கள் தேடுகிறார்கள். இலங்கை அப்படியொரு தருணத்தைக் கண்டது. 2022ஆம் ஆண்டுக்கான வரவுசெலவுத் திட்டம் அரச ஊழியர்களின் ஓய்வு வயதை 65 ஆக்கியது. அதே ஆண்டு நெருக்கடியில் அது மீண்டும் 60க்கு இறக்கப்பட்டது. இன்னும் சில ஆண்டு இருக்கிறது என்று கணக்குப் போட்டிருந்த ஆயிரக்கணக்கானோர் 2022 டிசம்பர் 31 அன்று ஒரே நாளில் வீட்டுக்குப் போனார்கள். நாமே தேர்ந்து பெறும் ஓய்வும் நம் மேல் வந்து விழும் ஓய்வும் மனதில் ஒரே தடத்தைப் பதிப்பதில்லை. நம் பஸ்ஸின் எழுதுவினைஞர் அந்த நாளில் ஓய்வு பெற்றவராக இருந்தால், அவருடைய முதல் ஆண்டு கடினமாகவே இருந்திருக்கும்.

ஆனாலும் அவருக்கு மாதம் பிறந்தால் ஓய்வூதியம் வருகிறது. பக்கத்து இருக்கை அம்மாவின் கணக்கு வேறு. தோட்டத்தில் வேலை விடுவதையும் ‘பென்சன் எடுத்துட்டேன்’ என்றுதான் சொல்வார்கள். உண்மையில் மாதாமாதம் வரும் பென்சன் எதுவும் அதில் இல்லை. 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தின்படி ஊழியர் சேமலாப நிதி உண்டு. சம்பளத்தில் தொழிலாளி 8 வீதம், முதலாளி 12 வீதம். 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டத்தின்படி பணிக்கொடை உண்டு. நாட்கூலிக்காரருக்கு வேலை செய்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 14 நாள் கூலி. 2021இல் அரசு நிர்ணயித்த 1,000 ரூபா நாட்கூலியை வைத்துப் பெருக்கினால், முப்பது வருட உழைப்புக்குப் பணிக்கொடை 4,20,000 ரூபா. அந்தத் தொகை கையில் வந்த வேகத்தில் மகளின் கல்யாணக் கடனுக்கும் அடகு நகைக்கும் போய்விடும். மிஞ்சியதைச் சேமித்து வைத்திருந்தவர்களுக்கு 2022 இன்னொரு அடி. அந்த செப்டம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டியின்படி பணவீக்கம் 69.8 வீதம். ஓய்வூதியமும் அந்த ஆண்டு தேய்ந்ததுதான், ஆனால் அடுத்த மாதமும் வந்தது. மொத்தத் தொகை ஒரு முறை கரைந்தால் கரைந்ததுதான்.

அந்தத் தொகையைப் பெறுவதற்கே பேர் தடையாக நிற்பதைப் பலர் கண்டிருக்கிறார்கள். பிறப்புப் பத்திரத்தில் ஒரு பெயர், அடையாள அட்டையில் ஓர் எழுத்து மாற்றம், தோட்ட அலுவலகத்தில் அந்தக் காலத்து எழுத்தர் காதில் விழுந்தபடி ஆங்கிலத்தில் எழுதிய மூன்றாவது பெயர். மூன்றும் ஒருத்திதான் என்று நிரூபிக்க அவள் கையெழுத்துக்கும் முத்திரைக்கும் அலைகிறாள். பணிக்கொடையை 30 நாளுக்குள் கொடுக்க வேண்டும் என்பது சட்டம். வாழ்நாள் முழுவதும் பேருக்காக உழைத்தவள் கடைசியில் தன் பேரை நிரூபிக்க வேண்டியிருப்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு கனக்கிறது.

எழுதுவினைஞர் ஓய்வு பெற்று வரும் வீடு அவருடையது. அம்மா இருக்கும் காம்பரா, அதாவது லயத்து வரிசையில் ஓர் அறை, தோட்டத்தினுடையது. குடும்பத்தில் யாராவது பேர் பதிந்து வேலை செய்யும் வரைதான் அங்கே குடியிருப்பது நிம்மதி என்ற எண்ணம் தலைமுறைகளாக ஊறியிருக்கிறது. ‘நான் நின்னுட்டா மகன் பதியணும்’ என்ற கவலை ஓய்வுக்குப் பல ஆண்டு முன்பே தொடங்கிவிடும். தமிழ்நாட்டின் மாஞ்சோலையிலும் இதையே கண்டோம். 2024இல் தேயிலைத் தோட்டத் தொழிலாளருக்கு விருப்ப ஓய்வு என்ற தாள் நீட்டப்பட்டபோது, அதோடு வீட்டைக் காலிசெய்யும் நாளும் குறிக்கப்பட்டது. நான்கு தலைமுறை பிறந்த மலையை விட்டு இறங்க வேண்டும் என்றதும் விவகாரம் சென்னை உயர் நீதிமன்றம்வரை போனது. வேலையும் கூரையும் ஒரே ஆணியில் தொங்கும் இடத்தில், ஓய்வு என்பது இளைப்பாறுதல் ஆக முடியாது. அடுத்த வருடம் எங்கே படுப்போம் என்று தெரியாத மனம் எந்த வயதிலும் தூங்காது.

ஆகவே பலர் ஓய்வு பெற்ற பிறகும் ஓய்வதில்லை. பென்சன் எடுத்த கையோடு கைக்காசு வேலைக்குப் போகிறார்கள். அதே மலை, அதே கொழுந்து, கிலோவுக்கு இவ்வளவு என்று காசு. சேமலாப நிதிப் பங்களிப்பு இல்லை. வீட்டிலிருப்பவர்களுக்கும் வேலை குறைவதில்லை. மகள் கொழும்புக்கோ வளைகுடாவுக்கோ போனால் பேரப்பிள்ளை பாட்டியின் கையில். வயது 65இலும் விடிகாலை அடுப்பு. மேலைநாட்டு ஆய்வுகளில் ‘ஓய்வு’ என்ற ஒற்றைச் சொல் குறிக்கும் மாற்றம் இவள் வாழ்க்கையில் நடக்கவே இல்லை. கூலி நின்றது, உழைப்பு நிற்கவில்லை.

இனி இன்னும் பின்னால் போக வேண்டும். முதுமையின் மனநலம் அறுபதாம் வயதில் தொடங்குவதில்லை. டேல் டேனஃபர் போன்ற சமூகவியலாளர்கள் இதைச் சேர்ந்துகொண்டே போகும் பாதகம் என்று விளக்கினார்கள். சிறுவயதில் ஒரு படி பின்தங்கியவர், அந்த ஒரு படியாலேயே அடுத்ததிலும் பின்தங்குவார். அறுபது வயதில் பார்க்கும்போது இடைவெளி முதலில் இருந்ததைவிடப் பல மடங்கு. இன்று எண்பதை நெருங்கும் ஒரு மலையகத் தமிழ்ப் பெண்ணின் வாழ்க்கையை இதில் வைத்துப் பாருங்கள். 1948இன் குடியுரிமைச் சட்டம் அவளுடைய பெற்றோரை நாடற்றவர் ஆக்கியது. 1964இன் சிறிமா–சாஸ்திரி உடன்படிக்கை 9,75,000 பேரைப் பங்கு பிரித்தது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேர் பிறகு பார்க்கலாம் என்று. அண்ணன் நீலகிரிக்கும் தங்கை இங்குமாகப் போன குடும்பங்கள் எத்தனையோ. எஞ்சியிருந்தவர்களின் குடியுரிமைச் சிக்கலைத் தீர்க்க 2003 வரை சட்டம் வர வேண்டியிருந்தது. பாடசாலையில் சில வருடங்கள், பிறகு கூடை. கிளினிக்கில் வைத்தியர் ‘உங்களுக்கு எப்போதிலிருந்து மனசு சரியில்லை’ என்று கேட்டால், அவள் எந்த ஆண்டைச் சொல்வாள்?

இந்தச் சுமை கதைகளில் மட்டும் இருப்பதில்லை, உடம்பிலும் எழுதப்படுகிறது. புரூஸ் மெக்யூவனும் எலியட் ஸ்டெல்லரும் 1993இல் இதற்கு அலோஸ்டேடிக் சுமை என்று பெயர் வைத்தார்கள். ஆபத்து வந்தால் உடல் அட்ரினலினையும் கார்டிசோலையும் சுரந்து நம்மைத் தயாராக்கும். ஆபத்து விலகினால் அடங்கும். அடங்கவே விடாத வாழ்க்கையில் அந்தச் சுரப்பு தேய்மானமாக மாறுகிறது. இரத்த அழுத்தம் உயர்ந்தபடி நிற்கும், சர்க்கரை ஏறும், தூக்கம் கலையும். நினைவுக்கும் உணர்ச்சிக்கும் பொறுப்பான ஹிப்போகாம்பஸ் என்ற மூளைப்பகுதி நீண்ட கால கார்டிசோலால் பாதிக்கப்படுகிறது. பிரஷர் மருந்து எடுக்க வரும் அம்மாவின் கிளினிக் கொப்பியும் அவளுடைய மனச்சோர்வும் இரண்டு தனிக் கதைகள் அல்ல.

இலங்கையின் 60 வயதைக் கடந்தவர்களில் எத்தனை பேருக்கு இந்தப் பாரம் இருக்கிறது? ஒரு தேசிய ஆய்வில் கலந்துகொண்ட 1,181 பேரின் விடைகளை வைத்து 2010இல் வெளியான கணக்கு, மருத்துவக் கவனம் தேவைப்படும் மனச்சோர்வு அறிகுறிகள் 27.8 வீதத்தினருக்கு இருந்ததாகச் சொன்னது. ஆண்களில் 24 வீதம், பெண்களில் 30.8 வீதம். நான்கில் ஒருவருக்கு மேல். 2012 குடிசனக் கணக்கெடுப்பில் நாட்டின் சனத்தொகையில் 12.4 வீதம் இந்த வயதினர். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் இதைத் தனிமனிதரின் பலவீனம் என்று யாரும் சொல்ல முடியாது.

ஆனால் அந்த அம்மா கிளினிக்கில் ‘மனச்சோர்வு’ என்று சொல்லப்போவதில்லை. கை கால் ஓயுது, நெஞ்சு அடைக்குது, சோறு இறங்கல, ராத்திரியில ஒரே யோசனை என்பாள். வைத்தியருக்கு முன்னால் இன்னும் நூறு கொப்பிகள். வலி மாத்திரை எழுதிவிட்டு அடுத்தவரைக் கூப்பிடுவார். மொழி வேறாக இருந்தால் ‘யோசனை’ என்ற சொல் மேசையைத் தாண்டாது. காது மந்தமும் சேர்ந்துகொண்டால் கேள்வியே அவளைப் போய்ச் சேராது. செவித்திறன் குறைவு, தனிமை, மனச்சோர்வு, குறைந்த கல்வி ஆகிய நான்குமே, மறதி நோயின் தவிர்க்கக்கூடிய காரணங்களை ஆராய்ந்த லான்செட் ஆணைக்குழுவின் பட்டியலில் இருப்பவை. ஒரு காதுக் கருவி மனநல மருந்தாகவும் வேலை செய்யும் என்று நான் சொன்னால் அதை மிகை என்று எண்ண வேண்டாம்.

ஆண்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அவர்கள் ‘யோசனை’ என்றுகூடச் சொல்ல மாட்டார்கள். குடியில் போய் ஒளிந்துகொள்வார்கள். இலங்கையில் தற்கொலை வீதம் 1995க்குப் பிறகு, முக்கியமாக நஞ்சு மிகுந்த பூச்சிமருந்துகள் தடைசெய்யப்பட்டதால், பெரிதும் குறைந்தது. அப்படியிருந்தும் முதிய ஆண்களிடையே அது உயர்ந்தே நிற்கிறது. ‘நான் இருந்து என்ன’ என்று ஒரு தாத்தா சொன்னால் அது வயதுப் பேச்சு என்று விட்டுவிடாதீர்கள். பக்கத்தில் உட்காருங்கள். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு யாரும் அழைத்துப் பேசலாம்.

மனம் சரியாமல் நிற்கும் முதியவர்களும் இதே லயங்களில் இருக்கிறார்கள். காமன் கூத்துக் காலத்தில் பாருங்கள். பாடல்களும் அடவும் தெரிந்த மூத்த மாஸ்டர் ஒருவர் இல்லாமல் கூத்து நகராது. செக்ரோலில் அவர் பெயர் இல்லாமல் போய்ப் பல வருடம் ஆகியிருக்கலாம். மாசி மாதம் வந்தால் இளைஞர்கள் அவர் வாசலில் நிற்பார்கள். யஹோதா சொன்ன ஐந்தையும் தோட்டத்துரையின் தயவில்லாமல் அவருக்குத் திருப்பிக் கொடுப்பது அந்த ஊர். பெண்களுக்கு இப்படியான இடங்கள் குறைவு என்பதை நாம் ஒத்துக்கொள்ள வேண்டும்.

சிம்பாப்வேயில் பெண்களுக்கே அந்த இடத்தைக் கொடுத்தார்கள். அங்கே ஷோனா மொழியில் மனச்சோர்வுக்குச் சொல்லும் சொல் ‘குஃபுங்கிசிசா’. அதன் பொருள் மிகையான யோசனை. மலையக அம்மாவின் சொல்லேதான். மனநல வைத்தியர்கள் விரல்விட்டு எண்ணும் அளவே இருந்த நாட்டில், டிக்சன் சிபாண்டா என்ற வைத்தியர் பாட்டிமாருக்குப் பயிற்சி கொடுத்து, கிளினிக் வாசலில் ஒரு மரப்பெஞ்சில் உட்கார வைத்தார். யோசனை உள்ளவர்கள் வந்து அருகில் உட்கார்ந்து பேசுவார்கள். 573 பேர் கலந்துகொண்ட சோதனையின் முடிவு 2016இல் வந்தது. பெஞ்சில் பேசியவர்களின் அறிகுறிகள் வழக்கமான சிகிச்சை பெற்றவர்களைவிடத் தெளிவாகக் குறைந்திருந்தன.

நமக்கு இன்னும் நெருக்கமான சான்று கோவாவில் இருக்கிறது. மனச்சோர்வு இன்னும் முற்றாத, ஆனால் அதன் விளிம்பில் நின்ற 60 வயதைக் கடந்த 181 பேரை அங்கே தேர்ந்தார்கள். பாதிப் பேரிடம் வைத்தியர் அல்லாத, பயிற்சி பெற்ற சாதாரண ஆலோசகர்கள் போய்ப் பேசினார்கள். 2019இல் வெளியான முடிவின்படி, ஓராண்டில் வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களில் 14.4 வீதத்தினர் மனச்சோர்வு நோய்க்குள் விழுந்தார்கள். ஆலோசகர்கள் சந்தித்தவர்களில் 4.4 வீதம் மட்டுமே. அவர்கள் கொடுத்தது நான்கு விஷயங்கள். சிக்கலைக் கூறு கூறாகப் பிரித்துத் தீர்க்கும் பழக்கம், தூக்கத்துக்கான எளிய பயிற்சி, நீரிழிவு போன்ற நோய்களைக் கவனிக்கும் வழி. நான்காவது, அரசு தரும் உதவிகளைப் பெறக் கைகொடுத்தல். விண்ணப்பம் நிரப்புவதும் இங்கே சிகிச்சையின் ஓர் அங்கமாயிற்று. வறுமையால் வந்த மனநோவுக்கு வறுமையின் பக்கத்திலிருந்தும் மருந்து போட வேண்டும் என்பதை அறிவியல் முறைப்படி காட்டிய சோதனையாகவே இதை நான் படிக்கிறேன்.

இலங்கையில் 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. கிராம மட்டத்தில் முதியோர் சங்கங்கள் இருக்கின்றன. வருமானம் குறைந்த முதியவர்களுக்கு மாத உதவித்தொகையும் உண்டு. இவை எல்லாவற்றுக்கும் படிவம் உண்டு, அந்தப் படிவங்களை நிரப்பத் தெரியாத கைகளுக்குத்தான் இவை மிகவும் தேவை.

அந்தப் பஸ்ஸுக்குத் திரும்புவோம். ஓர் இருக்கையில் முப்பது வருடம் படிவம் நிரப்பியும் சரிபார்த்தும் பழகி, இப்போது காலையில் எங்கே போவது என்று தெரியாதிருக்கும் மனிதர். பக்கத்து இருக்கையில், மூன்று தாளில் மூன்று பேருடன் ஒருத்தி. அம்பிட்டியவிலும் கண்டியைச் சுற்றிலும் ஓய்வு பெற்று இருக்கும் எழுதுவினைஞர்களே, ஆசிரியர்களே, கிராம உத்தியோகத்தர்களே, உங்களிடம் ஒன்று கேட்கிறேன். வாரத்தில் ஒரு காலைப்பொழுதைக் கொடுங்கள். தமிழும் சிங்களமும் எழுதத் தெரிந்தால் மிகவும் நல்லது. ஒரு பேனாவும் வாசிப்புக் கண்ணாடியும் எடுத்துக்கொண்டு, கிளினிக் வரிசை ஓரத்திலோ தோட்டத்தில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக் காம்பரா வாசலிலோ போய் உட்காருங்கள். முதலில் அந்த அம்மாவின் பேரைக் கேளுங்கள். அவள் சொல்கிறபடியே எழுதுங்கள்.